பின்னேரம் யாருடையது?

அண்மையில் ஒரு கிராமத்தில் பெற்றோர் சிலருடன் கூடியிருந்து பேச எமக்கு வாய்ப்புக் கிடைத்தது. மீளக் குடியமர்ந்தவர்களும், இன்னமும் சொந்தக் காணிக்குப் போக வழியின்றி உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருப்பவர்களுமாக ஒரு முப்பது பேர் வரையில் வந்திருந்தனர். விதை வெங்காயத்தின் விலை, அரைகுறையாக நிற்கும் வீடுகள், குரங்குகளின் தொல்லை என்று பேச்சு ஓடி, கடைசியில் பிள்ளைகளிடம் வந்து நின்றது. பாடசாலை விட்டபின் பிள்ளைகள் கிழமையில் இரண்டு நாள் கூடுவதற்கு ஒரு கழகம் வைத்தால் என்ன என்று நாம் கேட்டோம். பின்னால் பாயில் இருந்த ஒரு தாய், "கழகம் எண்டால் எங்களுக்குப் பயம் ஐயா" என்றார். சிலர் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பயத்தை நாம் அறிவோம். நீங்கள் எம்மிலும் நன்றாக அறிவீர்கள். போர்க்காலத்தில் நாலு பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால், அவர்களைக் கூட்டிச் செல்ல ஒருவர் வருவார். ஏன் கூடினீர்கள் என்று விசாரிக்க இன்னொருவர் வருவார். ஆகவே பிள்ளை கண்ணெதிரே இருக்க வேண்டும், படலைக்கு வெளியே போகக் கூடாது, எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கக் கூடாது என்று பெற்றோர் பழகிக்கொண்டனர். அந்தப் பழக்கம் பல பிள்ளைகளின் உயிரைக் காத்தது. போர் 2009 இல் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. அன்று படலைக்குள் வளர்ந்த பிள்ளைகளே இன்று பெற்றோராகித் தம் பிள்ளைகளையும் படலைக்குள் வளர்க்கின்றனர்.

அதே கூட்டத்தில் ஒரு தகப்பன் வேறொன்று சொன்னார். "விளையாடித் திரிய எங்கட பிள்ளையளுக்கு நேரமில்லை. காணி போயிட்டுது. இனிப் படிப்பு ஒண்டுதான் கிடக்கு. அதையும் கெடுக்காதேங்கோ." இதற்கும் எம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. அந்தத் தாயின் பயத்தையும் இந்தத் தகப்பனின் கேள்வியையும் மனதில் வைத்துக்கொண்டே இதை எழுதுகின்றோம்.

நீங்கள் வளர்ந்த காலத்தை, அல்லது உங்கள் அப்பு ஆச்சி வளர்ந்த காலத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். துலா மிதித்து இறைத்த நாட்களில் ஒரு தோட்டத்துக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் துலாவில் ஏறி நடப்பார். ஒருவர் கிணற்றடியில் பட்டை பிடிப்பார். மூன்றாமவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாறுவார். பல வீடுகளில் இந்த மூன்றாவது வேலை பிள்ளைகளுடையது. பாத்தி நிரம்புவதைப் பார்த்து, வரம்பை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பி, முன்னையதை அடைக்க வேண்டும். பிந்தினால் வரம்பு உடையும். முந்தினால் கடைசிக் கன்றுக்குத் தண்ணீர் போகாது. துலாவில் நிற்பவர் பெரியவர்தான். ஆனால் "நிப்பாட்டுங்கோ" என்று சொல்லும் அதிகாரம் மண்வெட்டியுடன் கீழே நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்தது. பிள்ளை சொன்னால் அப்பு நிற்பாட்டுவார். எந்தப் பிள்ளைக்குக் கண் கூர்மை, எந்தப் பிள்ளைக்குப் பொறுமை, எது வாய்க்காலைத் திறந்துவிட்டு ஓணானுக்குக் கல்லெறியப் போகும் என்பதெல்லாம் ஓர் இறைப்பிலேயே தெரிந்துவிடும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின்னும் தண்ணீர் மாறும் வேலை மாறவில்லை.

வன்னி வயல்களிலும் இப்படித்தான். பரணில் இருந்து காவல் காக்கும் பையன் நித்திரை வராமலிருக்கப் பாடுவான். அந்தக் குரலைக் காற்றில் கேட்ட அண்ணாவியார் அடுத்த கூத்துக்கு அவனைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்புவார். விதைக்கு ஒதுக்கும் வெங்காயத்தைக் கையால் உருட்டிப் பார்த்தே தரம்பிரிக்கும் சிறுமியைத் தாய்மார் தமக்குள் மெச்சிக்கொள்வர். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டின் அருகே பயப்படாமல் நிற்கும் பிள்ளை எது என்பது அயலுக்கே தெரிந்திருக்கும்.

பழைய காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நாம் வரவில்லை. அதே தோட்டங்களுக்காகப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்பட்டதும் உண்டு. நிலமில்லாதவரின் பிள்ளை பிறர் தோட்டத்தில் கூலிக்கு நின்றபோது அதன் திறமையை யாரும் மெச்சவில்லை என்பதும் உண்மை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றைத்தான். பிள்ளையிடம் இருக்கும் ஆற்றல் வெளியே வருவதற்கும், அதைப் பெரியவர்கள் கண்ணால் காண்பதற்கும் ஓர் இடம் இருந்தது. அந்த இடம் கமம்.

கமம் போனது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்தவர்கள், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் சென்ற முஸ்லிம் மக்கள், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தவர்கள், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர்கள் என எல்லோரும் படிவங்கள் நிரப்பினர். வீடு, கிணறு, மாடு, தென்னை, பனை என்று இழந்தவற்றுக்கெல்லாம் அப்படிவங்களில் நிரல்கள் இருந்தன. பிள்ளை தன்னைக் காட்டிக்கொள்ளும் இடமும் சேர்ந்து போனதற்கு ஒரு நிரலும் இருக்கவில்லை. மெனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதிக் காணி இன்னமும் விடப்படவில்லை. காணி கிடைத்தவர்களில் பலருக்கும் அது பற்றையாகவே கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை தண்ணீர் மாறாமலே வளர்ந்துவிட்டது.

முகாம்களில் ஆற்றல் வெளிப்படவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். தண்ணீர்ப் பவுசர் வரும் நேரத்தில் அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நூறு வாளியும் கானும் வரிசையில் கிடக்க, எது யாருடையது என்று ஒன்றும் எழுதி வைக்காமலே நினைவில் வைத்திருக்கும் ஒரு சிறுமி எப்படியோ ஒவ்வொரு வரிசையிலும் இருப்பாள். சண்டை வந்தால் பெரியவர்களே அவளைக் கேட்பார்கள். ஆனால் அதைத் திறமை என்று யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் எடுத்தாயிற்று, போ, போய்ப் படி என்றுதான் சொன்னோம். 1995 இன் பின் இடம்பெயர்ந்த பாடசாலைகள் பல வேறு பாடசாலைகளின் கட்டடங்களில் பிற்பகல் வேளையில் இயங்கியதும் நினைவிருக்கும். பாடசாலைக்குப் பிந்திய பின்னேரம் என்ற ஒன்றே அப்பிள்ளைகளுக்கு இருக்கவில்லை.

இன்று பின்னேரம் இருக்கிறது. அது யாரிடம் இருக்கிறது? வசதியுள்ளவரின் பிள்ளைக்கு அது ரியூசனிடம். வசதியில்லாதவரின் பிள்ளைக்கு வீட்டு வேலையிடம், அல்லது மதகில் குந்தியிருக்கும் கூட்டத்திடம், அல்லது கைத்தொலைபேசியிடம். மதகடிக்குப் போதைப்பொருளும் வந்து சேர்ந்துவிட்டது என்பதை இதை வாசிக்கும் எந்தத் தாய்க்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. கழகம் வைத்தால் போதைப்பொருள் ஒழியும் என்று சொல்லுமளவுக்கு நாம் வெகுளிகள் அல்லர். ஆனாலும், போக வேறோர் இடம் இல்லாத பிள்ளை மதகடிக்குத்தான் போகும்.

படிப்பைப் பற்றி அந்தத் தகப்பன் சொன்னதை நாம் இலேசாக எடுக்கவில்லை. காணியையும் வீட்டையும் இழந்து நடந்தவனிடம் யாராலும் பறிக்க முடியாமல் இருந்தது படிப்பு ஒன்றுதான். ஆனால் பரீட்சை பிள்ளையின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறது? தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைகளின் படங்களைச் சந்தியில் பதாகையாகக் கட்டுகின்றோம். கீழே எடுத்த பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழாலேதான் நாளாந்தம் பாடசாலைக்கு நடக்கிறது. பத்து வயதில் தன்னை மொக்கு என்று நம்பிவிட்ட பிள்ளையை நாம் எத்தனையோ கண்டுவிட்டோம். அந்தப் பிள்ளையின் மற்றப் பக்கங்களைப் பார்க்க முன்பு தோட்டம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பாடசாலைக்குப் பிந்திய கழகத்தை நாம் வேண்டி நிற்பது இதனால்தான். அது பொழுதுபோக்குக்கு மட்டும் உரிய காரியமன்று. போன தோட்டத்துக்குப் பதிலாகப் பிள்ளை தன்னைக் காட்டும் இன்னொரு பாத்தி.

நாம் ஓரளவு தொடர்பு வைத்திருந்த ஒரு சிறுவர் கழகத்தைப் பற்றிச் சொல்லலாம். ஊரின் பெயர் வேண்டாம். ஒரு வேப்பமரம், நாலைந்து பாய், ஒரு கொப்பி, இவ்வளவுதான் முதல். பிள்ளைகள் பத்து வயது முதல் பதினாறு வரை ஒரு இருபது பேர். என்ன செய்வது என்று அவர்களையே கேட்டபோது முதலில் எல்லோரும் கிரிக்கெட் என்றனர். மட்டை ஒன்றுதான் இருந்தது. ஆகவே கிளித்தட்டு விளையாடினர். பிறகு ஒரு பிள்ளை நாற்றுமேடை போடுவோம் என்றது. பொலித்தீன் பைகளில் மிளகாயும் கத்தரியும் போட்டனர். முளைத்து இரண்டாம் இலை வந்த நேரத்தில் ஓர் ஆடு உள்ளிட்டு ஒரே இரவில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது.

அன்று பின்னேரம் நாம் போனபோது பெரிய அழுகையை எதிர்பார்த்தோம். அழுகையும் இருந்தது, ஆட்டுக்காரரைத் திட்டிய வார்த்தைகளும் இருந்தன. அவற்றின் நடுவே பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்று, அதுவரையில் கூட்டத்தில் வாயே திறவாத பிள்ளை, மிஞ்சிய பைகளை எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்துவிட்டு, இத்தனை இருக்கிறது, வேலிக்கு இத்தனை கருக்குமட்டை வேண்டும், யார் யார் வீட்டில் கிடக்கிறது என்று கேட்டது. அவ்வளவுதான். சத்தம் அடங்கிவிட்டது. மறுநாள் வேலி நின்றது. ஆட்டுக்காரரும் பத்து மட்டை கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாம் முறை போட்ட நாற்று விற்கும் அளவுக்கு வந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் அவர்களின் பெற்றோரே என்பது வேறு கதை. விற்பனைக் கணக்கை வைத்திருந்தவன் பாடசாலையில் கணிதத்துக்கு இருபது புள்ளியைத் தாண்டாத ஒரு பையன். எந்த மாமிக்கு எத்தனை கன்று கடன், யார் பாதிக் காசு தந்தார், எத்தனை கன்று வழியில் வாடியதென்று திருப்பிக் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் ஒரு சதம் பிசகாமல் கொப்பியில் இருந்தது. அவனுடைய ஆசிரியைக்கு அந்தக் கொப்பியைக் காட்டினோம். அவர் நீண்ட நேரம் அதைப் புரட்டிப் பார்த்தார். அந்தப் பையன் பின்னர் கணிதத்தில் சித்தியடைந்தானா என்று கேட்பீர்கள். சாதாரண தரத்தில் சாதாரண சித்திதான். ஆனால் மொக்கு என்ற சொல் அவனை விட்டுப் போய்விட்டது.

பிள்ளைகளின் கையில் ஒரு துண்டு நிலத்தைக் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஏ. பி. கிரஹாம் என்ற பாடசாலை மேற்பார்வையாளர் 1902 இல் கமக்காரரின் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கழகம் தொடங்கினார். நகரின் நீதிமன்றக் கட்டடத்து நிலவறையில் அவர்கள் கூடினர். சோளவிதை தெரிவது, மண்ணைச் சோதிப்பது போன்றவையே வேலை. 1910 இல் தென் கரோலைனாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை, பையன்களுக்கு மட்டும் சோளக் கழகம் இருக்கிறதே, பெண்பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டுத் தக்காளிக் கழகம் அமைத்தார். ஒரு பிள்ளைக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர், எமது கணக்கில் ஏறத்தாழ ஒன்றரைப் பரப்பு. விளைந்ததைப் பேணியில் அடைத்து விற்றனர். இவையும் இவற்றை ஒத்தவையும் சேர்ந்தே பின்னாளில் நான்கு எச் கழகங்கள் என்று பெயர் பெற்றன. புதிய விதையையும் புதிய முறையையும் நம்பத் தயங்கிய தகப்பன்மார், பிள்ளையின் துண்டு நிலத்தில் விளைந்ததைக் கண்டபின் நம்பினர் என்பது அந்த இயக்கத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. எமது விவசாயத் திணைக்களம் அமைத்துவந்த இளம் விவசாயிகள் கழகங்களும் ஏறத்தாழ இதே வழியில் போனவைதாம்.

எல்லாப் பிள்ளையும் நிலத்தில்தான் மலரும் என்றில்லை. மட்டக்களப்பில் 1996 இல், போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனடாக் கலைஞர் போல் ஹோகனும், இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் அதில் முன்னின்றனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்து படம் கீறினர், களிமண் பிசைந்தனர், கதை கட்டினர், கட்டிய கதையை நடித்தனர். எமக்கு அதில் பிடித்தது, பரிசு கொடுத்து முதலாம் இரண்டாம் இடம் பிரிப்பதை நோக்காகக் கொள்ளாமல், பிள்ளை தன் பாட்டில் தன்னைத் தேடிக்கொள்ள விட்டமை. எமது ஊர்களிலோ ஒரு பிள்ளை பாடத் தொடங்கினால் உடனே மேடையில் ஏற்றி, மைக்கைப் பிடித்துக் கொடுத்து, மற்றப் பிள்ளைகளைக் கீழே இருத்திக் கைதட்டச் சொல்லிவிடுகின்றோம்.

தலைமைத்துவம் என்ற சொல்லும் இப்படித்தான் கெட்டுப்போய்க் கிடக்கிறது. பயிற்சிப் பட்டறை என்று பதாகை கட்டி, ஒரு நாள் முழுவதும் பிள்ளைகளைக் கதிரையில் இருத்தி, நல்ல தலைவனின் பண்புகள் பத்து என்று எழுதச் சொல்லிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகின்றோம். கமக்காரராகிய எங்களுக்குத் தலைமைத்துவம் என்றால் என்னவென்று தெரியாதா? குளத்துத் தண்ணீரைப் பங்கிட வட்டவிதானையை எப்படித் தெரிந்தோம்? அதிகம் பேசுகிறவரையா? அதிகக் காணி உள்ளவரையா? சில இடங்களில் அப்படியும் நடந்து, கடைவயல் காய்ந்ததும் உண்டுதான். நல்ல ஊர்களில், தன் வயலுக்குக் கடைசியாகத் தண்ணீர் விடக்கூடியவர் என்று எல்லோரும் நம்பியவரிடமே மண்வெட்டியைக் கொடுத்தோம். அவர் மேடையில் பேசமாட்டார். இரவு இரண்டு மணிக்கு வாய்க்கால் ஓரமாக ரோர்ச்சுடன் நடப்பார்.

கிளித்தட்டிலும் அதுவே. கிளி நடுக்கோட்டாலும் ஓரத்தாலும் ஓடலாம். மற்றவர்கள் தத்தம் குறுக்குக் கோட்டைத்தான் காக்கலாம். கெட்டிக்காரக் கிளி தானே எல்லோரையும் தொட ஓடாது. ஆளை ஒதுக்கி, கோட்டில் நிற்பவனின் கைக்கு எட்டும்படி விடும். அதைப் பிள்ளை ஓடித்தான் படிக்க வேண்டும். எழுதிப் படிக்க முடியாது.

ஆனால் கழகம் தொடங்கிய முதற் பத்து நிமிடத்தில் நாம் என்ன செய்கின்றோம்? தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு. ஆசிரியரின் பிள்ளை தலைவர், சங்கத் தலைவரின் பிள்ளை செயலாளர், நல்ல கையெழுத்துள்ள ஒரு பெண்பிள்ளை பொருளாளர். மற்றவர்கள் அங்கத்தவர். ஆண்டு முடியும்வரை அந்த மூவருக்குத் தலைமைத்துவம் வளரும்; மற்றவர்களுக்குக் கைதட்டும் பழக்கம் வளரும். நாம் மேலே சொன்ன வேப்பமரத்துக் கழகத்தில் முதல் ஆண்டில் தலைவர் இருக்கவில்லை. மாதம் ஒரு பிள்ளை கூட்டத்தை நடத்தியது. இன்னொன்று கொப்பியில் குறிப்பு எழுதியது. சில மாதம் படுமோசமாக நடந்தது. ஒரு பையன் தன் மாதம் முழுவதும் கிரிக்கெட்டே வைத்தான். பெரியவர்களாகிய நாம் தலையிட்டுத் திருத்த எழுந்தோம். நல்ல வேளையாக எம்மில் ஒருவர் சட்டையைப் பிடித்து இருத்திவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் பிள்ளைகளே அவனைக் கேட்ட கேள்விகள் எம்மால் கேட்க முடியாதவை.

இன்னொரு மனக்குறையையும் சொல்லிவிடுவோம். மீள்குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு நிறுவனம் ஒரு கிராமத்துக்கு இரண்டு கரம்போட், பந்துகள், வலை, ஓர் அலுமாரி எல்லாம் கொண்டுவந்து கொடுத்தது. படம் எடுத்தார்கள். பொருட்கள் பழுதாகிவிடும் என்று எல்லாவற்றையும் அலுமாரியில் பூட்டி, திறப்பை ஒரு பெரியவரிடம் ஒப்படைத்தார்கள். பெரியவர் வவுனியாவில் மகளோடு போய் இருந்துவிட்டார். இரண்டு ஆண்டுக்குப் பின் அலுமாரியைத் திறந்தபோது கரம்போட்டைக் கறையான் தின்றிருந்தது. பொருள் பாதுகாக்கப்பட்ட கணக்கு அறிக்கையில் இருந்திருக்கும்.

கழகங்களைப் பற்றிய குறைகளை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. எமது ஊர்களில் விளையாட்டுக் கழகங்கள் குறிச்சிக்கு ஒன்றாகப் பிரிந்து, உதைபந்தாட்ட இறுதிப் போட்டி பொலிஸ் நிலையத்தில் முடிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். குறிச்சி என்று சொல்வது நாகரிகத்துக்கு. பல இடங்களில் அது சாதி. முகாமில் ஒரே வரிசையில் நின்று ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், ஊருக்குத் திரும்பியதும் பழைய எல்லைக் கற்களைத் தேடி எடுத்துவிட்டனர். பிள்ளைகளின் கழகத்தில் எந்த வீட்டுப் பிள்ளை கூட்டம் நடத்துவது, எந்த வீட்டுத் தேநீரைக் குடிப்பது என்று பெரியவர்கள் தீர்மானிக்கத் தொடங்கினால், அந்தக் கழகம் வராமல் இருப்பதே நல்லது. மாதம் ஒரு பிள்ளை என்ற முறையை நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். பெயரை அகர வரிசையில் எழுதினால் முறை யாரையும் தாண்டிப் போகாது.

பெண்பிள்ளைகளின் காரியம் தனியே பேசப்பட வேண்டியது. ஆட்டின் பின் பைகளை எண்ணிய அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு பெரியபிள்ளையானாள். அதோடு வரவு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நாலு மாதம் போயிற்று. நாம் போய்ப் பெற்றோரிடம் பேசுவோமா என்று யோசித்துக்கொண்டிருக்க, பிள்ளைகளே கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போயினர். அந்த மாதம் கூட்டம் நடத்தும் முறை அவளுடையது, வரமாட்டாள் என்றால் தாயார் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றனராம். தாயார் கையெழுத்துப் போடவில்லை. தானும் கூடவே வந்து மரத்தின் கீழ் ஓர் ஓரமாக இருந்தார். பிறகு வேறு இரண்டு தாய்மாரும் வரத் தொடங்கினர். அந்தத் தாய்மார் இருந்தபடியால் மற்றப் பெற்றோரும் பெண்பிள்ளைகளைத் தயங்காமல் விட்டனர்.

பயத்துக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று எமக்குப் படுகிறது. பயப்படாதீர்கள் என்று சொல்வது விடையன்று. கழகம் மூடிய அறையில் நடக்கக் கூடாது. தெருவால் போகிறவருக்குத் தெரியும் இடத்தில் நடக்க வேண்டும். எப்போதும் பெரியவர் இருவராவது, அவர்களில் ஒருவர் பெண்ணாக, இருக்க வேண்டும். ஊருக்குத் தெரியாத எவரும், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வந்தாலும், பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேச விடக் கூடாது. இருளுமுன் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். யானை நடமாடும் ஊர்களில் இன்னும் முன்பாக. நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தால் போதும். கிழமைக்கு இரண்டு நாள் என்றால் ரியூசனும் கெடாது. வெங்காயம் கிண்டும் கிழமையிலும் அரிவுவெட்டு நாட்களிலும் கழகம் வேண்டாம். பிள்ளையின் உதவி வீட்டுக்குத் தேவைப்படும் நாட்களைக் கமக்காரக் குடும்பம்தான் அறியும்.

சட்டப்படி இதற்குத் தடையில்லை என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1989 இல் நிறைவேறிய சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்டது. அதன் 15 ஆம் உறுப்புரை பிள்ளைகள் ஒன்றுகூடும் உரிமையையும், 31 ஆம் உறுப்புரை ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையையும் கூறுகின்றன. கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் சிறுவர் கழகம் அமைக்கும் ஏற்பாடு நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திடம் உண்டு. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேட்டால் வழி சொல்வார். சற்று வளர்ந்தவர்களுக்கு 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் இளைஞர் கழகங்கள் உள்ளன. 29 வயது வரை சேரலாம். பதிவு செய்வது நல்லது. பதிவு செய்ததோடு கழகம் நடந்துவிட்டது என்று நினைப்பதுதான் கூடாது.

அந்தப் பெற்றோர் கூட்டத்தில் இவற்றில் பாதியைத்தான் எம்மால் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதியிருக்கின்றோம். தகப்பன் மறுத்துப் பேசவில்லை, உடன்படவும் இல்லை. இரண்டு நாள் என்றால் ஒரு நாளைக்கு விட்டுப் பார்க்கிறேன் என்றார். எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பாடசாலை மண்டபத்துக்கு அனுமதி எடுக்க நாளாகும். ஒரு முதியவர் எழுந்து, தன் மாட்டுக்கொட்டில் சும்மா கிடக்கிறது, மாடுகள் 2009 இல் போனபின் அதில் ஒன்றும் கட்டவில்லை, கூரைக்குக் கிடுகு மட்டும் மாற்ற வேண்டும் என்றார்.

அப்போது அந்தத் தாய் மீண்டும் பேசினார். "திறப்பு ஆரிட்ட இருக்கும்?" என்று கேட்டார்.

நாம் விடை சொல்லுமுன் முதியவர் முந்திக்கொண்டார். "அதுக்குக் கதவே இல்லைப் பிள்ளை."

இம்முறை அந்தத் தாயும் சிரித்தார். முதற் கூட்டம் வரும் புதன்கிழமை நாலு மணிக்கு. அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் வருவாளா என்பது எமக்கு இன்னும் தெரியாது.